கையடக்க மியூசிக் பிளேயரும் ரெக்கார்டரும்: தேர்ந்தெடுப்பது முதல் கோப்பைப் பாதுகாப்பது வரை

கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கலாம், பேச்சையும் பதியலாம் என்றிருக்கும்போது தனியாக ஒரு கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். மனதில் தோன்றியதை அவ்வப்போது பேசிப் பதிந்துவைக்கவும், பயணத்தில் நான்கு பாட்டுக் கேட்கவும் கைப்பேசி தாராளமாகப் போதும். இரண்டு மணி நேர நேர்காணலின் நடுவே அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும்போதும், பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கைப்பேசி பதிவுச் செயலியைத் தானாகவே மூடிவிடும்போதும், இரைச்சல் நீக்கும் மென்பொருள் பேசியவரின் குரலைத் தேய்த்துத் தேய்த்துத் தகரக் குரலாக்கிவிட்டதைப் பிறகு கேட்டு நோகும்போதும்தான் தனிக் கருவியின் அருமை தெரிகிறது. அந்தத் தேவை உள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டும் கேட்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும் என்றால் கருவியைப் பதிவின் பக்கமிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்பதில் உள்ள குறையை நாளைக்கு நல்ல ஹெட்போன் வாங்கியோ, கோப்பை வேறு கருவிக்கு மாற்றியோ சரிசெய்துகொள்ளலாம். பதிவில் விழுந்த குறை அந்தக் கோப்பு இருக்கும்வரை அதிலேயே கிடக்கும்.

படி 1: எந்த வேலைக்கு எந்த வகை என்று தீர்மானிப்பது

1998-ல் தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் வெளியிட்ட எம்பிமேன் கருவியில் இருந்த நினைவகம் 32 மெகாபைட். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கிய பாட்டுகள் அதில் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக அடங்கும். 2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் 5 கிகாபைட் வன்தட்டோடு வந்தது. 2022 மே மாதத்தில் அந்த வரிசையையே நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் சாதாரணப் பயனாளரின் பாட்டுப்பெட்டி கைப்பேசிக்குள் போய்விட்டது. எஞ்சியவை மூன்று பிரிவாகப் பிரிந்து நிற்கின்றன.

முதல் பிரிவு, இசை கேட்பதற்கென்றே செய்யப்பட்ட பிளேயர்கள். இவற்றில் பதிவு வசதி இருந்தாலும், பெட்டிக்குள் ஊசித்துளைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சிறு மைக்கை நம்பியே அது இருக்கும்; நினைவுக் குறிப்புக்கு மேல் எதற்கும் அது உதவாது. இரண்டாவது பிரிவு, பேச்சுப் பதிவுக்கான வாய்ஸ் ரெக்கார்டர்கள். பாக்கெட்டில் அடங்கும், பேட்டரி நாள்கணக்கில் நிற்கும், ஒரே பட்டனில் பதிவு தொடங்கும். பாட்டும் ஓடும், ஆனால் கேட்கும் சுகம் சுமார்தான். மூன்றாவது பிரிவு, தலைப்பகுதியில் இரண்டு மைக்குகள் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர்கள். ஸூம், டாஸ்கேம், சோனி போன்ற நிறுவனங்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. இசைப் பதிவு, சூழல் ஒலி, நேர்காணல் என எல்லாவற்றுக்கும் இவை ஈடுகொடுக்கும். பாட்டுக் கேட்கும் வசதி ஓர் உபரியாகத்தான் இருக்கும், பிளேலிஸ்ட் போன்றவற்றை எதிர்பார்க்கக் கூடாது.

வகுப்பு, கூட்டம், நேர்காணல் ஆகியவற்றோடு உங்கள் தேவை முடிகிறது என்றால் இரண்டாவது பிரிவே சரி. அதற்கு மேல் செலவழிப்பது வீண். பாட்டோ வாத்தியமோ, ஒரு முதியவரின் வாய்மொழிக் கதையோ, திரும்பக் கிடைக்காத எதையாவது பதியப்போகிறீர்கள் என்றால் மூன்றாவது பிரிவுக்குப் போங்கள். ‘இரண்டும் முழுமையாகச் செய்யும்’ என்று பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் கருவிகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அவற்றில் பெரும்பாலானவை முதல் பிரிவுக் கருவிகள்தாம்.

படி 2: பெட்டியின்மேல் உள்ள எண்களைப் படிப்பது

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் எண்கள் இரண்டு: சாம்பிள் ரேட்டும் பிட் ஆழமும். ஒலியலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுகிறோம் என்பது சாம்பிள் ரேட். குறுந்தகட்டுக்கு அது 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 44,100 முறை. ஓர் அலையைச் சிதையாமல் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளந்தால் போதும் என்பது கணிதம். மனிதக் காது எட்டுவதோ நல்ல இளம் வயதில் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். ஆகவே 44.1 அல்லது 48-க்கு மேல் போவதால் கேட்பவருக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். 96-ம் 192-ம் ஒலியை மெதுவாக்கியோ நீட்டியோ வேலை செய்பவர்களுக்குப் பயன்படும். மற்றவர்களுக்கு மெமரி கார்டை நிரப்பும்.

பிட் ஆழம் வேறு சங்கதி. ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறித்துக்கொள்கிறோம் என்பது அது. 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கணக்குப்படி சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் அது 144. கேட்பதற்கு 16 பிட் போதும் என்றாலும், பதிவு செய்வதற்கு 24 பிட் உண்மையிலேயே உதவுகிறது. லெவலை, அதாவது பதிவாகும் ஒலியின் அளவை, தாராளமாகக் குறைத்து வைத்துப் பதிந்துகொண்டு பிறகு உயர்த்தினாலும் இரைச்சல் கூடவே ஏறி வராது என்பதுதான் அதன் பயன். (மைக்கும் அதன் பெருக்கியும் தரும் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.) இந்த இரண்டு எண்களில் ஒன்றுக்குத்தான் மெனக்கெட முடியும் என்றால் பிட் ஆழத்துக்கு மெனக்கெடுங்கள்.

அண்மைக் காலத்துக் கருவிகளில் ‘32 பிட் ஃப்ளோட்’ என்ற வசதி வருகிறது. லெவலைச் சரியாக வைக்காவிட்டாலும் பிறகு கணினியில் மீட்டுக்கொள்ளலாம் என்பது அதன் வாக்குறுதி. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் மைக்கே தாங்காத அளவுக்குச் சத்தம் வந்தால், அல்லது காற்று மைக்கில் மோதினால், சிதைவு மைக்கிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதைப் பின்னால் எந்தக் கணக்கும் மீட்காது.

இடக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 48,000 × 3 பைட் × 2 தடம், ஆக 2,88,000 பைட். நிமிடத்துக்கு 17 மெகாபைட்டுக்குச் சற்று மேல். மணிக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைட். 32 கிகாபைட் கார்டில் முப்பது மணி நேரம் கொள்ளும். இதே பேச்சை 128 கிலோபிட் எம்பி3-யாகப் பதிந்தால் மணிக்கு 58 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதற்காகப் பதியும்போது எம்பி3 தாராளம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வேவ் கோப்பாகவே பதியுங்கள். வேவிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3-யை வேவாக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, சுருக்கும்போது தூக்கியெறிந்தது திரும்பி வராது.

படி 3: கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

எண்களைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. இவற்றைப் பெட்டியின்மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

லெவலைக் கையால் மாற்ற முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மலிவான வாய்ஸ் ரெக்கார்டர்களில் எல்லாம் கருவியே லெவலை ஏற்றி இறக்கும் தானியங்கி லெவல் மட்டுமே இருக்கும். அதை அணைக்க முடியாத கருவியை இசைப் பதிவுக்கு வாங்கவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். திருகுசக்கரமாக இருந்தால் இன்னும் நல்லது. மெனுவுக்குள் நாலு படி இறங்கி லெவலைக் குறைப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

இரண்டாவது, பதிவாகும்போதே ஹெட்போனில் கேட்க முடிகிறதா என்பது. மூன்றாவது, வெளி மைக் செருகும் துளை. 3.5 மில்லிமீட்டர் துளை என்றால் அது சட்டையில் குத்தும் சிறு மைக்குகளுக்குத் தேவையான சில வோல்ட் மின்சாரத்தைத் தருகிறதா என்று பாருங்கள். பெரிய மைக்குகளுக்கான மூன்று முள் எக்ஸ்எல்ஆர் துளை என்றால் மைக்கின் கம்பி வழியே கருவி அனுப்பும் 48 வோல்ட் ‘ஃபேன்டம்’ மின்சாரம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கைப்பேசிக்கென்று விற்கும் மைக்குகளின் முனையில் கறுப்பு வளையம் மூன்று இருக்கும், ரெக்கார்டருக்கானதில் இரண்டுதான். வளையத்தை எண்ணிப் பார்க்காமல் வாங்கி வந்து ‘மைக் வேலை செய்யவில்லை’ என்று திரும்பப் போனவர்களில் நானும் ஒருவன்.

பேட்டரி விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. உள்ளேயே பதித்த லித்தியம் பேட்டரி கருவியை மெலிதாக்கும். சில ஆண்டுகளில் அதன் தாங்கும் நேரம் குறைந்தால் கருவியே முடங்கும். விரல் அளவு ஏஏ பேட்டரி போடும் கருவி தடிமனாக இருந்தாலும், பதிவின் நடுவே தீர்ந்தால் இன்னொரு ஜோடியைப் போட்டுக்கொண்டு தொடரலாம். வெளியூர், வெளியிடம் என்று அலைபவர்களுக்கு நான் ஏஏ பக்கம்தான். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகையைப் பயன்படுத்தினால், மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவைக்க மறக்காதீர்கள். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைனுக்கு 1.5, வகை மாறியிருந்தால் திரையில் காட்டும் பேட்டரிக் கோடுகளை நம்ப முடியாது.

பாட்டுக் கேட்கவும் இதே கருவிதான் என்றால், தமிழ்ப் பெயரிட்ட இரண்டு கோப்புகளைக் கார்டில் போட்டு எடுத்துச் சென்று திரையில் பாருங்கள். பல கருவிகள் வெறும் கட்டங்களைக் காட்டும். சில கருவிகள் தமிழ் எழுத்துருவை வைத்திருந்தும் எழுத்தைக் கோக்கத் தெரியாமல் விழிக்கும். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் மெய்யெழுத்துக்குப் பிறகே உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது, அதை இடம் மாற்றி வரைவது கருவியின் வேலை என்பதுதான் இதன் காரணம். ஆயிரம் பாட்டுகளை ஏற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரும் துன்பம்.

கார்டு எவ்வளவு பெரியது ஏற்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கருவிகள் 32 கிகாபைட் வரையிலான எஸ்டிஎச்சி வகையோடு நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டைப் போட்டால் ‘கார்டு இல்லை’ என்று சாதிக்கும்.

படி 4: முதல் நாள் செய்ய வேண்டியவை

தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். அற்பமாகத் தோன்றும் இதைச் செய்யாததால், ஒரே தேதி போட்ட நூற்றுக்கணக்கான கோப்புகளின் நடுவே உட்கார்ந்து எது எந்தப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடிக்க நேரும்.

புதிய கார்டைக் கணினியில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். 8 கிகாபைட் கார்டை 128 என்று காட்டும்படி திருத்தி விற்கும் போலிகள் எங்கும் கிடைக்கின்றன. அவை நிரம்பும்வரை ஒழுங்காக நடித்துவிட்டு, பிறகு எழுதுவதையெல்லாம் மாயமாக்கிவிடும். கார்டு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. சோதனை முடிந்ததும் கார்டைக் கணினியில் அல்ல, ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கருவிக்கு வேண்டிய முறையில் கோப்பமைப்பு அப்போதுதான் அமையும்.

எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பமைப்பில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. கோப்பின் அளவைக் குறித்துவைக்கும் வேவ் தலைப்பகுதிக்கும் ஏறக்குறைய அதே வரம்புதான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் பதிந்தால் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டியதும் அந்த எல்லை வந்துவிடும். நல்ல கருவி அங்கே கோப்பை முடித்து, ஒரு நொடிகூட விடாமல் அடுத்த கோப்பைத் தொடங்கும். உங்கள் கருவி அப்படிச் செய்கிறதா என்று ஓர் இரவு வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள். அந்தச் சோதனையிலேயே பேட்டரி உண்மையில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

‘குரல் கேட்டால் மட்டும் பதி’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையையும் அது தின்றுவிடும்.

படி 5: பதிவு செய்வது

பதிவுக்கு முன்னால் ஒப்புதல் பெறுங்கள். கருவி ஓடுவது தெரிந்தால் பேச்சு இறுகிப்போகும் என்று அஞ்சி ஒளித்துவைப்பவர்கள் உண்டு. அது முறையல்ல, தேவையும் இல்லை. பத்து நிமிடத்தில் எல்லோரும் கருவியை மறந்துவிடுவார்கள்.

அடுத்து, இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள்: மைக் எங்கே இருக்கிறது என்பதே பதிவின் தரத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. திறந்த வெளியில் மைக்குக்கும் பேசுபவருக்கும் இடையிலான தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் உயர்கிறது. அறைக்குள் இதன் பலன் இன்னும் பெரிது; சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் எதிரொலி நீங்கள் எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும், நேரடிக் குரல் மட்டும் நெருங்க நெருங்க வலுக்கும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த விலையுயர்ந்த கருவியை, அரை மீட்டரில் வைத்த சாதாரணக் கருவி தோற்கடிப்பது இதனால்தான்.

பேச்சுக்கு வாயிலிருந்து முப்பது, நாற்பது சென்டிமீட்டர் தொலைவில், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’வும் ‘பு’வும் மைக்கில் குண்டு வெடிக்கும். வெறும் மேசைமேல் வைக்காதீர்கள். தட்டும் விரல், வைக்கும் தம்ளர், நகரும் நாற்காலி எல்லாம் மரத்தின் வழியே ஏறி வரும். சிறு முக்காலி ஸ்டாண்டு இல்லாவிட்டால் மடித்த துண்டின்மேல் வைத்தாலும் பாதித் தொல்லை தீர்ந்தது. கையில் பிடித்துக்கொண்டு பதிவதைத் தவிருங்கள். விரல் அசைவது ஒவ்வொன்றும் பெட்டிக்குள் இடிபோல் கேட்கும்.

ஸ்டீரியோ மைக்குகளில் இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகப் பார்க்கும் அமைப்பில் நடுவில் இருப்பவர் தெளிவாக விழுவார். இரண்டும் விலகி வெளிப்பக்கம் பார்க்கும் அமைப்பில் அறையின் அகலம் கூடுதலாகத் தெரியும். சில கருவிகளில் இந்தக் கோணத்தை 90 பாகையிலிருந்து 120-க்கு மாற்றலாம். தனிப்பாட்டுக்கு 90, பலர் சேர்ந்து வாசிக்கும்போது 120 என்று தொடங்கி, ஹெட்போனில் கேட்டு நகர்த்திக்கொள்ளுங்கள்.

இனி லெவல். டிஜிட்டலில் 0 டெசிபெல் என்பது கூரை. அதைத் தொட்ட அலையின் தலை வெட்டப்பட்டுக் கரகரப்பாகிவிடும், அதற்கு மருந்து கிடையாது. பாடுபவரை அவர் பாடப்போவதிலேயே உரத்த பகுதியை ஒருமுறை பாடச் சொல்லி, உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி ஆடும்படி வையுங்கள். ஒத்திகையைவிட மேடையில் எல்லோரும் உரக்கத்தான் பாடுவார்கள். அந்த உற்சாகத்துக்காக விட்டுவைக்கும் இடம் அது. அதே பதிவைக் குறைந்த லெவலில் இன்னொரு கோப்பாகவும் எழுதும் இரட்டைப் பதிவு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

தானியங்கி லெவல் வேண்டாம் என்று முன்பு சொன்னேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா சொன்ன குடும்பக் கதையை ஒரு சிறு வாய்ஸ் ரெக்கார்டரில் நாற்பது நிமிடம் பதிந்தேன். கருவி புதிது, நான் எதையும் மாற்றவில்லை. அவர் பேசும்போது குரல் நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆனால் பேச்சு நின்ற ஒவ்வொரு முறையும், ‘சத்தம் போதவில்லை’ என்று கருவி தானாகவே லெவலை ஏற்றியிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று நொடிக்குள் கூரை மின்விசிறியின் ஓசை அலைபோல எழும்பி வந்து நிறைகிறது, அவர் அடுத்த சொல்லைத் தொடங்கியதும் சட்டென்று அமுங்குகிறது. தன் தங்கை இறந்ததைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பதிவில் அந்த இடத்தில்தான் மின்விசிறி எல்லாவற்றையும்விட உரக்கச் சுற்றுகிறது. இப்போதெல்லாம் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவைத் தொடங்குகிறேன். தானியங்கி லெவலை அணைத்துவிட்டேனா என்று இரண்டு முறை பார்க்கிறேன்.

வெளியில் பதியும்போது மைக்குக்கு மயிர்க்கவசம் போடுங்கள். கறுப்புப் பஞ்சுறை அறைக்குள் மூச்சுக்காற்றைத் தடுக்கப் போதும்; உண்மையான காற்றுக்கு நீண்ட மயிருள்ள உறைதான் தாங்கும். தாழ்ந்த ஓசைகளை வெட்டும் லோ கட் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் தூரத்து வண்டிகளின் உறுமலும் கட்டட அதிர்வும் குறையும். பேச்சுக்கு அது நல்லது. தாழ்ந்த சுருதி வாத்தியங்கள் இருந்தால் அணைத்துவிடுங்கள். கைப்பேசியை ரெக்கார்டரின் பக்கத்தில் வைக்காதீர்கள். அது கோபுரத்தோடு பேசும்போதெல்லாம் பதிவில் ‘டர்ர்’ என்று விழலாம்.

முழுப் பதிவையும் ஹெட்போனில் கேட்க முடியாவிட்டாலும், முதல் இரண்டு நிமிடத்தையாவது கேளுங்கள். கம்பி உள்ள ஹெட்போனாக இருக்கட்டும்; புளூடூத்தில் ஒலி தாமதித்து வருவதால் நேரில் கேட்பதும் காதில் கேட்பதும் ஒன்றோடொன்று மோதும். திரையில் நொடிகள் ஓடுகின்றனவா என்பதையும் பாருங்கள். பல கருவிகளில் பதிவுப் பட்டனை முதல்முறை அழுத்தினால் ஆயத்த நிலைதான். சிவப்பு விளக்கு மினுக்கும், லெவல் ஆடும், ஆனால் எதுவும் பதிவாகாது. மறுபடி அழுத்தி விளக்கு நிலையாக எரிந்தால்தான் பதிவு.

முடிந்ததும் நிறுத்து பட்டனை அழுத்தி, கோப்பு எழுதி முடியும்வரை காத்திருங்கள். அதற்குள் பேட்டரியைக் கழற்றினால் கோப்பின் தலைப்பகுதி எழுதப்படாமல் போய், உள்ளே ஒலி இருந்தும் திறக்க முடியாத கோப்பு கையில் மிஞ்சலாம்.

படி 6: பாட்டுக் கேட்பது

இதில் சொல்ல அவ்வளவு இல்லை. சொந்தக் குறுந்தகடுகளை மாற்றிவைப்பதானால் ஃபிளாக் வடிவத்தில் மாற்றுங்கள். தரம் துளியும் குறையாமல் அளவு ஏறக்குறையப் பாதியாகும். கருவியில் இடம் போதாவிட்டால் அதிலிருந்து எம்பி3 செய்துகொள்ளலாம். ஒன்றோடொன்று தொடுத்து வரும் பாட்டுகளின் நடுவே சிறு இடைவெளி விழுந்தால் அது பாட்டின் குறையல்ல. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக நறுக்குவதால் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. அதை வெட்டிக் கோக்கும் வசதி கருவியில் இருக்க வேண்டும்.

கோப்புப் பெயர்களை 1, 2, 10 என்று இடாமல் 01, 02, 10 என்று இடுங்கள். இல்லாவிட்டால் பல கருவிகள் ஒன்றுக்கு அடுத்துப் பத்தை வாசிக்கும். பாட்டின் தலைப்பு, பாடகர் போன்ற விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர்; அதன் இரண்டாம் பதிப்பில், யூடிஎஃப்-16 என்ற ஒருங்குறி வடிவில் எழுதுங்கள். முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட் இடம்தான். யூடிஎஃப்-8 என்ற இன்னொரு வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் போவதால், தமிழ்த் தலைப்பு பத்தாவது குறியோடு அறுந்துவிடும்.

ஹெட்போனின் மின்தடை 16 முதல் 32 ஓம் வரை இருந்தால் எந்தக் கையடக்கக் கருவியும் சுலபமாக ஓட்டும். 250, 300 ஓம் என்று ஸ்டுடியோவுக்காகச் செய்தவற்றை இவற்றில் செருகினால் ஒலி மெலிந்துதான் வரும். ஒலியளவைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்ற வரம்பைச் சொல்கிறது. 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90-க்குப் போனால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். கூட்டமான வண்டியில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, வெளி ஓசையை அடைக்கும் இயர்போனைக் காதில் சரியாகப் பொருத்துவது மேல்.

படி 7: பதிவைக் காப்பாற்றுவது

பதிவு முடிந்த அன்றே கோப்பைக் கணினிக்கு மாற்றுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறோர் இடத்தில் என்பது ஆவணக்காரர்களின் பழைய கணக்கு. இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மூலக் கோப்பில் கைவைக்காதீர்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வெட்டுவதும் லெவல் உயர்த்துவதும் பிரதியில்தான் நடக்க வேண்டும்.

கோப்புக்குத் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் வைத்துப் பெயரிடுங்கள். தானாகவே காலவரிசையில் அடுக்கப்படும். அதைவிட நல்ல பழக்கம் ஒன்று உண்டு: பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுவது. கோப்பின் பெயர் மாறலாம், குறிப்பேடு தொலையலாம். அந்தக் குரல் ஒலியோடு ஒட்டியே இருக்கும்.

பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நடுவிலும் கடைசியிலும் கேட்டுப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். கருவியை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் ஏஏ பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் தகடுகளை அரித்துவிடும். லித்தியம் பேட்டரி என்றால் பாதியளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துச் சார்ஜ் பாருங்கள்.